ஒத்துழைக்க மறுத்த செல்வக்கனி டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிகளில் முதல் மணி அடிக்கும் நேரத்தில், பேச்சியம்மாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். காரியாபட்டிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருப்பவள். வகுப்பு நேரத்தில் போனை எடுக்கும் ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எடுத்தவுடனே அதட்டினேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "மேடம், செல்வக்கனி டீச்சர் போயிட்டாக" என்றாள். எங்கே போனார் என்று கேட்டேன். அழுகைதான் வந்தது. அதன் பிறகே எனக்குப் புரிந்தது.

பதினொரு நாள் மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவருடைய கணவரிடம் கேட்டேன். அவர் சங்கடத்துடன் தலையைக் குனிந்துகொண்டு, மனைவி போட்ட உத்தரவைச் சொன்னார்: "மேடத்துக்குச் சொல்லாதீக. வந்தாகன்னா நர்சுகளத் திருத்த ஆரம்பிச்சிருவாக." உயிர் போகும் நேரத்திலும் என்னைச் சீண்டாமல் விடவில்லை. ஐம்பத்து நான்கு வயது. எனக்கு எழுபத்தாறு. இந்தக் கணக்கை யார் போட்டதோ, அவருக்கு நான் சுழியம்தான் கொடுப்பேன்.

வெம்பக்கோட்டைக்கு அருகில் அவர்கள் வீடு. நான் போய்ச் சேர்வதற்குள் தெருமுனையில் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. சிவகாசி அச்சகங்கள் இந்த ஒரு காரியத்தில் தாமதிப்பதே இல்லை. கீழே எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் பெயர். மேலே தாளாளரின் படம், இறந்தவருடைய படத்தைவிடப் பெரிதாக. உடலை எடுப்பதற்கு முன் அந்தத் தாளாளரே இரண்டு வார்த்தை பேசினார். செல்வக்கனி டீச்சர் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை என்றார், எங்கள் நிறுவனத்துக்கு முழு ஒத்துழைப்பு நல்கியவர் என்றார். பந்தலில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவு வீட்டில் குரல் உயர்த்தக் கூடாது என்று என் கான்வென்ட் பள்ளியின் கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து எழுதக் கூடாது என்று அவர்கள் சொன்னதில்லை.

பழைய மாணவியர் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு நான்கு பக்கம் கேட்டார்கள். "நல்லவிதமா எழுதுங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டார்கள். நல்லவிதமாகத்தான் எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்வது நல்லவிதம் ஆகாது. செல்வக்கனி டீச்சர் ஒத்துழைக்கவில்லை. அவரிடம் நான் கண்ட சிறப்புகளில் அதுவே முதலாவது. அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, மாலை போட்டு, சுடுகாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இளையவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விருதுநகரில் ஒரு கான்வென்ட் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன்பின் சில ஆண்டுகள் சிவகாசிச் சாலையில் உள்ள அந்தத் தனியார் பயிற்சி நிறுவனத்துக்கு முதல்வராக இருந்தேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆக விரும்பும் பெண்கள் அங்கே இரண்டு வருடம் படித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பட்டாசு ஆலைத் தொழிலாளர்களின் மகள்கள். கற்பித்தல் பயிற்சிக்கு அவர்களைச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்புவோம். அப்படி அனுப்பிய பள்ளிகளில் ஒன்று, வெம்பக்கோட்டைக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில் இருந்த ஈராசிரியர் பள்ளி. அதன் தலைமையாசிரியைதான் செல்வக்கனி டீச்சர்.

முதல்முறை அனுமதி கேட்க நான் அங்கே போனபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. பள்ளி திறந்திருந்தது. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் வரச்சொல்லி விதி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒரு சிறுமிக்குச் சடை பின்னிக்கொண்டே பதில் சொன்னார்: "பெல் அடிக்கிற நேரம் கவர்மெண்டு வச்சது மேடம். வேன் வர்ற நேரம் பட்டாசுக் கம்பெனிக்காரக வச்சது. அப்பன் ஆத்தாள ஏழு மணிக்கு வேன்ல ஏத்திட்டுப் போயிருதாக. அதுக்குப் பெறகு இதுக கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நான் வேன் நேரத்துக்குத்தான் வாரது."

ஒரு தலைமையாசிரியை திருத்தமாகப் பேச வேண்டும் என்று நான் அப்போதே சொன்னேன். பிள்ளைகள் காதில் விழுவதைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்றும் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "சரிங்க மேடம். நான் பேசுறது பிள்ளைகளுக்குப் புரியாமப் போற அன்னைக்கு உங்களக் கூப்பிட்டு விடுதேன்" என்றார். சடை போட்டுக்கொண்டிருந்த சிறுமி சிரித்துவிட்டாள். அனுமதி கிடைத்தது. நான் கோபமாகத்தான் திரும்பினேன். ஆனால் அந்த வருடம் மிக நல்ல மாணவியர் எட்டுப் பேரை அங்கேயே அனுப்பினேன்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி செய்த காரியம் ஒன்றை எழுத வேண்டும். செலவில்லாமல், அந்தந்த ஊரில் கிடைக்கும் பொருளைக் கொண்டு கற்பித்தல் கருவி செய்ய வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் உள்ள விதி. அந்தப் பெண் பட்டாசு சுற்றும் காலிக் காகிதக் குழாய்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து, பத்துப் பத்தாகக் கட்டி, கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தாள். நான் அன்று பார்வையிடப் போயிருந்தேன். உள்ளூர்ப் பொருள், செலவு இல்லை, கணக்கும் தெளிவாக இருந்தது. மிக நன்று என்று அவளுடைய ரெக்கார்டு நோட்டில் எழுதினேன்.

மை காய்வதற்குள் செல்வக்கனி டீச்சர் அந்தக் கட்டுகளை முழுவதும் அள்ளி ஒரு சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் வைத்தார். வந்து பிள்ளைகளை வரிசையாகக் குழாயடிக்கு அனுப்பிக் கையைக் கழுவச் சொன்னார். அந்தப் பெண்ணையும் கழுவச் சொன்னார். அதெல்லாம் வெடிமருந்து படாத காலிக் குழாய்கள் என்று நான் விளக்கினேன். "தெரியும் மேடம்" என்றார். "எங்க அம்மா மருந்து ரூம்ல இருந்தவ. சோத்தப் பிசைஞ்சு ஊட்டுவா. கை சாம்பக் கலர்ல மின்னும், தேய்ச்சாலும் போகாது. அது வீட்டோட இருக்கட்டும். இதுகளுக்கு எண்ண வேற பொருளே இந்த ஊர்ல கிடைக்கலையா?" மறுநாள் எட்டுப் பேரும் ஆளுக்கொரு படி புளியங்கொட்டையுடன் போனார்கள். நான் எழுதிய "மிக நன்று" அந்த நோட்டில் இன்னும் இருக்கும். அந்த நோட்டு எங்கேயாவது கிடைத்தால் அடித்துவிட ஆசை.

அடுத்து வந்தது மதிப்பீட்டு நாள். இரண்டாம் ஆண்டு முடிவில், வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து, ஒவ்வொரு மாணவியும் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடும் நாள். இதற்காக எங்கள் நிறுவனம் எப்படித் தயாரானது என்பதை உங்களில் பலர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நாற்பது பேருக்கும் ஒரே நிறச் சேலை எடுத்தோம். ரெக்கார்டு நோட்டுகளுக்கு ஒரே மாதிரி அட்டை போட்டோம். கரும்பலகையை மறைக்காமல் நிற்பது, சாக்பீசைப் பிடிப்பது, சேலை மடிப்புக்கு ஊசி குத்துவது, இவற்றை நானே நின்று சொல்லிக் கொடுத்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு எந்தக் கடையில் வாங்குவது என்று முடிவு செய்ய இரண்டு கூட்டம் நடந்தது. பாடம் கேட்கப் போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு கூட்டமும் நடக்கவில்லை.

அவர்களைப் பற்றி முடிவு மட்டும் எடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஏதோ ஒரு கிராமப் பள்ளியில், பிள்ளைகள் வாயே திறக்கவில்லை என்று ஒரு மதிப்பீட்டாளர் குறைப்பட்டிருந்தாராம். ஆகவே தாளாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய அறக்கட்டளையே சிவகாசியில் ஒரு ஆங்கிலப் பள்ளி நடத்தியது. அங்கிருந்து நன்றாகப் பேசும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய், கிராமப் பள்ளி வகுப்பில் உட்கார வைத்துவிடுவது. பத்து நாள் முன்பே அதே பாடத்தை அவர்களுக்கு நடத்தி, கேள்வியும் பதிலும் பழக்கிவிடுவது. இதற்கு அவர் வைத்த பெயர் மாதிரி வகுப்பு. கிராமப் பள்ளியின் சொந்தப் பிள்ளைகளுக்கு அன்று ஓய்வு.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. நாற்பது பெண்களின் எதிர்காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தலைமையாசிரியர்களுக்கான வேண்டுகோள் கடிதத்தை என் கையால் எழுதினேன்.

கடிதம் கிடைத்த மறுநாளே செல்வக்கனி டீச்சர் பேருந்து பிடித்து என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்தார். "ஒரு தப்புகூட இல்ல மேடம். பிள்ளைகதான் இல்ல" என்றார்.

ஒரே ஒரு நாள் ஓய்வுதானே என்றேன்.

"ஓய்வுன்னா வீட்ல ஆள் இருக்கணும். அவுக எல்லாம் வேன்ல போயிருவாக. நான் பூட்டிப் போட்டா இதுக எங்க போகும்? ஆத்தாளத் தேடிக்கிட்டுக் கம்பெனிக்குத்தான் போகும். காட்டு வழியா நடந்தே போயிரும். போகட்டுமா?"

பதில் இல்லாதபோது மேலிடத்தைக் காட்டுவது பதவியில் இருப்பவர்களின் வழக்கம். நானும் காட்டினேன். தாளாளர் முடிவு செய்துவிட்டார், உங்கள் மேலதிகாரியிடமும் பேசியிருக்கிறார் என்றேன். அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரவுக வரட்டும். என் பிள்ளைகள வெளிய அனுப்ப முடியாது" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

மதிப்பீட்டு நாளன்று பேருந்தில் பதினைந்து பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, காலணி. செல்வக்கனி டீச்சர் கேட்டைத் திறந்துவிட்டார். தாளாளர் முகத்தில் வெற்றி தெரிந்தது. ஆனால் வகுப்பறைக்குள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏற்கெனவே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டிருந்தது. வந்தவர்களைக் காலணியைக் கழற்றச் சொல்லி, அந்த இடங்களில் ஒவ்வொருவராக உட்கார வைத்தார். பெஞ்ச் இல்லையா என்று ஒரு சிறுவன் கேட்டான். "இல்லப்பா. இங்கன எல்லாரும் தரையிலதான். நானும்தான்" என்றார். தாளாளர் அவரைத் தனியே அழைத்து, என்ன இது என்று பல்லைக் கடித்தார். "விருந்தாளிகள வெரட்டக் கூடாதுல்ல சார். அதான் பக்கத்துல இடம் போட்டிருக்கேன்" என்று பதில் வந்தது. மதிப்பீட்டாளர் அதற்குள் வந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முதல் பாடம், எனக்குச் சாவுச் செய்தி சொன்ன அதே பேச்சியம்மாளுடையது. அன்று அவளுக்கு இருபது வயது. அவள் தாயும் பட்டாசு ஆலைக்கு வேனில் போகிறவள். இரண்டு வருடமாக விடுமுறை நாள்களில் இவளும் பேக்கிங் வேலைக்குப் போய்த்தான் படித்தாள். இதில் தேறாவிட்டால் மகளைத் தன்னோடு வேனில் ஏற்றிவிடுவேன் என்று தாய் சொல்லியிருந்தாள். அந்தக் கவலை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாடம் கடிகாரம் பார்த்தல். அட்டையில் பெரிய கடிகாரம் செய்து, முட்களை ஆணியில் பொருத்திக் கொண்டுவந்திருந்தாள். காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று திட்டப்படி கேட்டாள். வந்த பிள்ளைகள் பதினைந்து பேரும் கை தூக்கினார்கள். ஆறு மணிக்கு எழுவேன், ஆறு பத்துக்குப் பல் துலக்குவேன் என்று ஒருவன் சொன்னான். அடுத்தவளும் அதையே சொன்னாள். மூன்றாமவனும் அதையே சொன்னான். மதிப்பீட்டாளர் திருப்தியுடன் குறித்துக்கொண்டார்.

அப்போது முனீஸ்வரி என்ற சிறுமி, கை தூக்காமலே, "நான் எங்க அம்மா வேன் ஏறையில எந்திரிப்பேன்" என்றாள்.

பேச்சியம்மாள் பேசுவதை நிறுத்தினாள். ஒருமுறை என்னைப் பார்த்தாள். அதை விட்டுவிட்டுத் திட்டப்படி மேலே போ என்று நான் கண்ணால் சொன்னேன். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நானே இங்கே எழுதிவிடுகிறேன். அவள் பாடக் குறிப்பை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "வேன் எத்தன மணிக்கு வரும், முனீஸ்?" என்று கேட்டாள்.

ஏழு மணி என்றாள் முனீஸ்வரி. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைச் சிறுவன் உடனே எழுந்து, "இல்ல மிஸ், ஆறே முக்கால். அது எங்க அப்பா கம்பெனி வேன். டிரைவர் எங்க வீட்லதான் சாவி வாங்குவாரு" என்றான்.

"ஒங்க வீட்ல எடுக்குறது ஆறே முக்காலா இருக்கும். எங்க ஊருக்கு வாரது ஏழு. லேட்டானா ஏத்தாமப் போயிருவாரு."

"ரெண்டு பேரும் வந்து முள்ள வச்சுக் காட்டுங்க" என்றாள் பேச்சியம்மாள்.

இருவரும் வந்தார்கள். அவன் ஆறே முக்கால் வைத்தான், அவள் ஏழு வைத்தாள். இரண்டும் சரி. அப்படியானால் வேன் வழியில் எவ்வளவு நேரம் வருகிறது என்று கேட்டாள். பதினைந்து நிமிடம் என்று வகுப்பே கத்தியது. ஒரு மாதமாக ஐந்தைந்தாக எண்ணத் திணறிய பிள்ளைகள் முட்டி போட்டு எழுந்து எண்ணினார்கள். அம்மா எப்போது திரும்பி வருவாள் என்ற கேள்விக்கு ஆறு மணி என்றார்கள் சிலர், தீபாவளி சீசனில் எட்டு என்றார்கள் சிலர். காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை முள்ளை ஒவ்வொரு மணியாகச் சுற்றி எண்ணினார்கள். பதின்மூன்று வந்தது. கம்பெனி முதலாளியின் மகன் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே, "அவ்வளவு நேரமா?" என்று கேட்டான். முனீஸ்வரிதான் அவனுக்குப் பதில் சொன்னாள்: "பெறகு?"

நாற்பது வருடம் வகுப்பறைகளின் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் பார்த்தவள் நான். அதைவிட நல்ல கணக்குப் பாடம் பார்த்ததில்லை. மதிப்பீட்டாளர் கோப்பை மூடிவிட்டார். பாடத்திட்டத்திலிருந்து விலகினார், வகுப்புக் கட்டுப்பாடு இல்லை, வட்டார வழக்கில் பேசினார் என்று மூன்று வரி எழுதினார். தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண் இல்லை.

அந்தப் படிவத்தில் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மதிப்பீட்டாளர், பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர், பயிற்சி நிறுவன முதல்வர். வழிகாட்டி ஆசிரியருக்கும் மதிப்பெண் போட ஒரு கட்டம் உண்டு. மதிப்பீட்டாளர் போட்டதை ஒட்டியே அவரும் போட வேண்டும் என்பது எழுதாத வழக்கம். செல்வக்கனி டீச்சர் அந்தக் கட்டத்தில் முழு மதிப்பெண்ணை எழுதினார். மதிப்பீட்டாளரைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல், குறைக்கச் சொன்னார் தாளாளர். ஒத்துழைப்பு கொடுங்கள் டீச்சர் என்று கெஞ்சினார், பிறகு மிரட்டினார்.

"கேட்டத் தொறந்தேன். பாய் போட்டேன். ஒங்க பிள்ளைகளுக்குத் தண்ணி கொடுத்தேன். இது முடியாது சார்" என்றார் அவர். பேசும்போது மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். அந்தப் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய படிவம் ஒன்றை எடுத்தார்கள். வழிகாட்டி ஆசிரியர் என்ற இடத்தில் எங்கள் நிறுவன விரிவுரையாளர் ஒருவரே கையெழுத்திட்டார். அதற்குக் கீழே முதல்வர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். பேனா என்னுடையது, கையும் என்னுடையதுதான். ஒருவரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. செல்வக்கனி டீச்சர் அதைப் பார்த்தார். திரும்பும் பேருந்து வரத் தாமதமானதால் வந்திருந்த பதினைந்து பேருக்கும் சேர்த்துச் சோறு போடப் போய்விட்டார்.

மறு வருடத்திலிருந்து எங்கள் மாணவியரை அந்தப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இப்படி விலக்கி வைத்தவர்கள்தான் முழு ஒத்துழைப்பு என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். பேச்சியம்மாளுக்கு ஒரு வருடம் போனது. செல்வக்கனி டீச்சர் அவள் வீட்டுக்கே போய், ஒரு வருடம் இவளை வேனில் ஏற்றாதீர்கள் என்று தாயிடம் கேட்டார். சோறு யார் போடுவது என்று கேட்டாள் தாய். "மதியம் என்கூடத் தின்னட்டும். ராத்திரி நீ போடு. பெத்தவதான நீ" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அந்த வருடம் முழுவதும் பேச்சியம்மாள் அவருடைய பள்ளியிலேயே பாடம் நடத்தினாள். அடுத்த முறை வேறு பள்ளியில், வேறு மதிப்பீட்டாளர் முன் தேறினாள்.

நான் அந்த நிறுவனத்திலிருந்து விலகினேன். உடனே அல்ல, ஒரு வருடம் கழித்து. அந்த ஒரு வருடத்துக்கு என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை.

விலகிய சில மாதங்களில் என் கணவர் இறந்தார். வந்தவர்கள் எல்லோரும் பழமும் ஆறுதலும் கொண்டுவந்தார்கள். செல்வக்கனி டீச்சர் பதினாறாம் நாளுக்குப் பிறகு ஐந்தாம் வகுப்பின் சொல்வதெழுதுதல் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "சும்மா இருந்தீகன்னா வீட்டு வேலைக்காரியத் திருத்திக் கொன்னுருவீக. இதத் திருத்துங்க" என்றார். திருத்தினேன். அடுத்த வாரம் வந்து, சிவப்பு மையைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், பென்சிலால் எழுதுங்கள் என்றார். அப்படியே பல வருடம் வாரம் ஒரு கட்டு வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள், தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, அன்று நான் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கக் கூடாது என்று சொன்னேன். எனக்கு இப்படிப்பட்ட வார்த்தைகள் எளிதில் வாராது. வேறு யாராக இருந்தாலும், பரவாயில்லை மேடம், பழசை விடுங்கள் என்றிருப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. "ஆமா மேடம், கூடாது" என்றார். பிறகு காப்பி கேட்டார். அன்றிலிருந்துதான் என்னால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.

போன வாரம், அவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அந்த நிறுவனத்தின் இப்போதைய முதல்வர் என் வீட்டுக்கு வந்தார். இளம் பெண், மரியாதை தெரிந்தவர். இந்த வருட மதிப்பீட்டு நாளை செல்வக்கனி டீச்சரின் பள்ளியிலேயே, அவர் நினைவாக, மாதிரி வகுப்பாக நடத்தப் போகிறார்களாம். பிள்ளைகள் வழக்கம்போல் சிவகாசியிலிருந்து வருவார்கள். அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை தயங்குகிறாராம், என் கையெழுத்தும் இருந்தால் ஒப்புக்கொள்வாராம். அச்சடித்த கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

முடியாது என்றேன். அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து நடத்துவதாக இருந்தால் முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன், அவர்களை வெளியே அனுப்புவதாக இருந்தால் அன்று கேட்டில் வந்து நிற்கிறேன் என்றும், இதைத் தாளாளரிடம் ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்லும்படியும் சொன்னேன். அந்தப் பெண் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி, "எனக்கும் அப்படித்தான் மேடம் தோணுச்சு. சொல்லத்தான் தெரியல" என்றார்.

செல்வக்கனி டீச்சரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது இந்த ஒரு சொல். அவர் முடியாது என்று சொல்லும்போது குரல் உயராது, கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், எதிரில் இருப்பவருக்கு அவமானம் தோன்றாது. எனக்கு அது இன்னும் கைவரவில்லை. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். சொல்லிவிட்டேன்.